ஒற்றைச் சாட்சியின் தீர்ப்பு: கடற்கலங்களும் ஜீ.பி.எஸ். நம்பிக்கையும்

கடலில் ஓடிக்கொண்டிருக்கும் கலமொன்றின் ஜீ.பி.எஸ். கருவி திடீரெனத் தன் இடத்தைக் காட்ட மறுக்கும்போது இருவகைத் தீர்ப்புகள் வழங்கப்படுவதுண்டு. 'சிக்னல் இல்லை' என்று கூறிப் பழியை வானத்தின் மீது சுமத்துவோர் ஒருசாரார். 'கருவி நல்லது, கையாள்பவனுக்குத்தான் அறிவில்லை' என்று கூறிப் பழியைப் படகோட்டியின் மீது சுமத்துவோர் மறுசாரார். முதலாவது தீர்ப்பைப் படகோட்டி கூறுகிறான். இரண்டாவதைக் கருவியை விற்றவர் கூறுகிறார். இரண்டுக்கும் பொதுவான குணமொன்று உண்டு. இரண்டுமே விசாரணைக்கு முன்னர் எழுதப்பட்ட தீர்ப்புகள்.

உண்மை வேறு. கடற்கலத்தில் ஜீ.பி.எஸ். சமிக்ஞை அறுவது அபூர்வ நிகழ்ச்சியன்று. ஒழுங்காகத் தேடினால் அதன் காரணம் புலப்படும். பெரும்பாலான வேளைகளில் அது கையாலேயே திருத்தக்கூடிய சிறு பழுதாகவே இருக்கும். சமிக்ஞை அறுந்ததனால் மட்டும் கலங்கள் அழிவதில்லை. அறுந்தமை அறியப்படாமற் போவதனாலும், அறிய முற்படும் வழக்கமே கைவிடப்பட்டமையாலுமே அவை அழிவை நோக்கிச் செல்கின்றன. நீதிமன்றத்தில் ஒற்றைச் சாட்சியின் வாக்கைத் துருவி ஆராயாது ஏற்கத் தயங்கும் சமுதாயம், பல உயிர்களைச் சுமந்து செல்லும் படகில் மட்டும் ஒற்றைச் சாட்சியின் வாக்கை வேதவாக்காகக் கொள்வது எங்ஙனம் நியாயமாகும்? இவ்வினாவை ஒதுக்கிவிட்டுப் பழுது பார்த்தலைப் பற்றி மட்டும் பேசுவது, நோயை விட்டுவிட்டு நோயாளியின் சட்டையை மாற்றுவதற்கு ஒப்பாகும்.

இவ்வினாவுக்கு விடை தரும் வரலாறு ஒன்று உண்டு. 1995 ஆம் ஆண்டு யூன் மாதம் 9 ஆந் திகதி நண்பகல், பெர்மியூடாவிலிருந்து ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நகரை நோக்கி 'றோயல் மயெஸ்ரி' என்னும் உல்லாசப் பயணக் கப்பல் புறப்பட்டது. 1992 இல் கட்டப்பட்ட புதிய கப்பல் அது. பயணிகளும் பணியாளருமாக 1,509 பேர் அதில் இருந்தனர். புறப்பட்டு ஒரு மணி நேரம் ஆவதற்குள், ஜீ.பி.எஸ். அன்ரனாவில் இணைந்திருந்த கம்பி அதன் இணைப்பிலிருந்து கழன்றது. கப்பலின் கருவிகளுள் மிக மலிவான பொருள்களில் ஒன்று அந்தக் கம்பி. அது கழன்ற கணத்திலிருந்து செய்மதிகளின் குரல் கப்பலுக்கு எட்டவில்லை.

அதன் பின்னர் நிகழ்ந்ததே பெரிதும் சிந்திக்கத்தக்கது. சமிக்ஞையை இழந்த வாங்கி வாய்மூடி நிற்கவில்லை. கப்பலின் திசையையும் வேகத்தையும் கொண்டு, 'இவ்வளவு நேரம் இவ்வளவு வேகத்தில் இத்திசையில் வந்திருந்தால் இப்போது இங்கே இருக்கவேண்டும்' என்று கணித்து, அக்கணிப்பையே இடமாகக் காட்டிக்கொண்டிருந்தது. காற்றின் தள்ளலும் நீரோட்டத்தின் இழுப்பும் அக்கணிப்பிற் சேரவில்லை. தான் கூறுவது கண்ட உண்மையன்று, வெறும் கணிப்பே என்பதனை அக்கருவி இரண்டு குறிகளால் மட்டும் திரையின் மூலையில் அறிவித்தது. கைக்கடிகாரத்தின் ஒலியை ஒத்த சிறு கீச்சொலி ஒரு செக்கன் அளவில் எழுந்து ஓய்ந்தது. அவ்வளவே எச்சரிக்கை. அதனோடு இணைந்திருந்த தன்னியக்கச் சுக்கானோ அந்த எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளும் வகையில் அமைக்கப்பட்டிருக்கவில்லை. அது கணிப்பை உண்மையென ஏற்றுக் கப்பலை நடத்திச் சென்றது.

முப்பத்து மூன்றரை மணி நேரம் கப்பல் அவ்வாறு ஓடியது. மறுநாள் இரவு 10 மணி 25 நிமிடத்துக்கு, நன்ரக்கற் தீவுக்குக் கிழக்கே சுமார் 10 மைல் தொலைவிலுள்ள மணற்றிட்டில் ஏறி நின்றது. அது செல்லவேண்டிய பாதையிலிருந்து 17 மைல் மேற்கே விலகியிருந்தது. கணக்குப் பார்த்தால் மணிக்கு அரை மைல் வீதமே அது விலகியிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எவர் கண்ணுக்கும் தோன்றாத பிழை, ஒன்றரை நாளிற் கப்பலைத் தரைதட்டச் செய்தது. நல்லூழாக எவரும் உயிரிழக்கவில்லை. உயிரிழப்பு இல்லாமையினாற்போலும் இந்நிகழ்ச்சி பெறவேண்டிய கவனத்தை இங்கு பெறவில்லை.

அந்தக் கப்பலில் வேறு சாட்சிகள் இல்லாதிருந்தனவா? இருந்தன. நிலத்து நிலையங்களின் வானொலி அலைகளைக் கொண்டு இயங்கும் 'லொறான்' என்னும் மற்றொரு இடங்காட்டி பழுதின்றி இயங்கிக்கொண்டிருந்தது. அதன் வாக்கை எவரும் ஒப்பிட்டுக் கேட்கவில்லை. கடலின் ஆழத்தை அளக்கும் கருவி இருந்தது. அதன் அபாய ஒலி 0 மீற்றரில் வைக்கப்பட்டிருந்தமையால் அது வாய்திறக்க வழியில்லை. ராடர் இருந்தது. அதில் தோன்றிய மிதவையொன்றை, எதிர்பார்த்த மிதவை என்றே அதிகாரி கொண்டார்; அஃது உண்மையில் வேறொரு மிதவை. அடுத்த மிதவை கண்ணுக்குத் தென்படாதபோதும் கண்டதாகவே கப்பற்றலைவரிடம் அறிவிக்கப்பட்டது. காவல் நின்ற மாலுமிகள், அங்கு இருக்கக்கூடாத விளக்குகளைக் கண்டு கூறினர். கண்ணும், கடலாழமும், வானொலியும் ஒரே குரலிற் பேசின. ஆயினும் திரையில் தோன்றிய எண்களே வென்றன.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை இதனை விசாரித்து வெளியிட்ட முடிவு நியாயமானது. தன்னியக்கக் கருவிகள் மீது அதிகாரிகள் கொண்ட மிதமிஞ்சிய நம்பிக்கை, அவர்களுக்குப் போதிய பயிற்சி அளிக்கப்படாமை, கருவிகளின் அமைப்பிலேயே இருந்த குறைபாடுகள் ஆகிய மூன்றும் அதிற் சுட்டப்பட்டன. 'படகோட்டிக்கு அறிவில்லை' என்று எளிதிற் கூறுவோர் இங்கு சற்று நிற்கவேண்டும். அந்தக் கப்பலில் இருந்தோர் எழுத்தறியாதவர் அல்லர். சான்றிதழ் பெற்ற அதிகாரிகள். அவர்களிடம் இல்லாதிருந்தது அறிவன்று, ஐயம். ஐயுறும் பழக்கத்தை அவர்களிடமிருந்து பறித்தது, பல காலம் பிழையின்றி இயங்கிய கருவியே. ஒருபோதும் பொய்யுரையாத சாட்சி, பொய்யுரைக்கும் முதல் நாளிலேதான் மிகவும் ஆபத்தானவன்.

ஜீ.பி.எஸ். என்பது என்ன என்பதனை அறிந்தவர் அதன்மீது இத்தகைய மூடபத்தி கொள்ளமாட்டார். ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் வலம்வரும் செய்மதிகள், அணுக்கடிகாரங்களின் துணையுடன் நேரத்தைச் சொல்லிக்கொண்டேயிருக்கின்றன. அச்சொல் வந்துசேர எடுத்த காலத்தைக் கொண்டு, குறைந்தது நான்கு செய்மதிகளுக்கான தூரத்தை வாங்கி கணிக்கிறது. அத்தூரங்களிலிருந்து அகலாங்கும் நெட்டாங்கும் பிறக்கின்றன. ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தால் தூரம் 300 மீற்றர் பிழைக்கும். இவ்வளவு நுட்பமான செய்தி படகை வந்தடையும்போது அதன் வலு எவ்வளவு? ஓர் உவாற்றை நூறு கோடி கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் ஏறத்தாழ ஒரு கூறு. இத்துணை மெல்லிய குரலை உப்புக் காற்றும், மின்விளக்கும், இயந்திரமும், வானொலியும் நிறைந்த படகொன்றில் நின்று கேட்கவேண்டியிருக்கிறது. அது கேளாமற் போவதில் வியப்பில்லை. இத்துணை நாளும் கேட்டதே வியப்பு.

இதிலிருந்து பழுது தேடும் ஒழுங்கு தானே பிறக்கிறது. 20,200 கிலோமீற்றரைக் கடந்து வந்த சமிக்ஞை பெரும்பாலும் இழக்கப்படுவது படகின் மேற்றளத்துக்கும் திரைக்கும் இடைப்பட்ட கடைசிச் சில மீற்றரிலேயாகும். ஆகவே வானத்தைக் குறைகூறுவதற்கு முன்னர் கேட்கவேண்டிய முதற் கேள்வி ஒன்றுண்டு. இக்கருவி மட்டுந்தான் குருடாயிற்றா, அன்றி அருகிலுள்ள எல்லாக் கருவிகளும் குருடாயினவா? படகிலுள்ள கைத்தொலைபேசி ஒன்று திறந்த வெளியில் தன் இடத்தைச் சரியாகக் காட்டுமாயின் வானம் நிரபராதி. குற்றவாளி படகிலேயே இருக்கிறான்.

அடுத்துக் காத்திருக்கக் கற்கவேண்டும். நெடுநாள் அணைத்துவைக்கப்பட்ட அல்லது நெடுந்தூரம் கொண்டுசெல்லப்பட்ட வாங்கிக்கு, செய்மதிகளின் முழு அட்டவணையையும் வானிலிருந்து பெறப் பன்னிரண்டரை நிமிடம் தேவை. இதனை அறியாதவர் ஐந்து நிமிடத்தில் பொறுமையிழந்து அணைத்து மீண்டும் ஏற்றுகிறார். பின்னரும் அவ்வாறே செய்கிறார். பழுதற்ற கருவி பழுதுடையது எனப் பெயர் பெறுவது இவ்வாறுதான்.

காத்திருந்தும் பயனில்லையெனில் மின்சாரத்தை நோக்கவேண்டும். 12 வோல்ற்று மின்கலத்திலிருந்து இயந்திரத்தை முடுக்கும் கணத்தில் அழுத்தம் கடுமையாக இறங்கும். அதே மின்கலத்தில் தொங்கும் வாங்கி அக்கணத்தில் மயங்கி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். இயந்திரம் முடுக்கப்படும் போதெல்லாம் சமிக்ஞை அறுகிறதெனில் அது சமிக்ஞைப் பழுதன்று, மின்கலப் பழுது. தளர்ந்த இணைப்பும் அரித்த பியூசும் இதே வேடத்தைப் புனையக்கூடியவை.

பின்னர் கம்பி. உப்புநீர் புகுந்த செப்புக் கம்பியில் பச்சைக் களிம்பு படரும். வெளியுறை வெடித்த இடத்திலும், இணைப்பின் அடியிலும், கம்பி கூர்மையாக மடிக்கப்பட்ட இடத்திலும் அது மறைந்திருக்கும். வெளிப்பார்வைக்குப் புதியது போலத் தோன்றும் கம்பியும் உள்ளே இறந்துபோயிருத்தல் கூடும். பெரும்பாலான அன்ரனாக்களுக்கு அதே கம்பி வழியாகவே வாங்கியிலிருந்து சில வோல்ற்று மின்சாரம் செல்கிறது. அளவுமானி ஒன்றைக் கொண்டு கம்பியின் அன்ரனாப் பக்க நுனியில் அந்த அழுத்தம் உண்டா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை. அது இல்லையெனில் புதிய கருவி வாங்கப் பணம் திரட்டவேண்டியதில்லை. புதிய கம்பி வாங்கினாற் போதும்.

அன்ரனாவின் இருப்பிடமும் ஆராயத்தக்கது. 'எவ்வளவு உயரமோ அவ்வளவு நன்று' என்பது வானொலி அன்ரனாவுக்குப் பொருந்தும் விதி. ஜீ.பி.எஸ். அன்ரனாவுக்கு வேண்டியது உயரமன்று, தடையற்ற வானம். கொடிமர உச்சியில் அதனைக் கட்டினால் படகின் ஆட்டத்தோடு அதுவும் ஊசலாடி வேகத்தையும் திசையையும் பிழைபடக் காட்டும். உலோகக் கூரையின் கீழ் வைத்தால் குருடாகும். ராடரின் கதிர்வழியிலோ, செய்மதித் தொலைபேசியின் அன்ரனாவுக்கு அருகிலோ வைத்தால் செவிடாகும்.

இவையனைத்தும் சரியாக இருந்தும் பழுது நீங்கவில்லையெனில், படகிலுள்ள ஏனைய மின்கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கவேண்டும். எக்கருவி அணைந்ததும் வாங்கி கண்விழிக்கிறதோ அக்கருவியே குற்றவாளி. இது கற்பனையன்று. 2001 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் மொஸ் லாண்டிங் துறைமுகத்தில் ஜீ.பி.எஸ். இயங்காமற் போயிற்று. ஆய்வாளர் தேடிச் சென்று கண்ட பகைவன் எந்த நாட்டின் படையுமன்று. மின்பெருக்கி பொருத்திய சாதாரணத் தொலைக்காட்சி அன்ரனாக்களே அவை. அவற்றின் பெருக்கிகள் பழுதுற்று, ஜீ.பி.எஸ். பயன்படுத்தும் 1575.42 மெகாஹேர்ட்ஸ் மீடிறனை அண்டித் தாமே அலைபரப்பிக்கொண்டிருந்தன. 2018 இல் ஐக்கிய அமெரிக்கக் கரையோரக் காவற்படை, படகுகளிற் பொருத்தப்படும் எல்.ஈ.டி. விளக்குகள் வானொலித் தொடர்பையும் கப்பல்களின் அடையாளச் சமிக்ஞைகளையும் கெடுக்கக்கூடும் என எச்சரித்தது. மலிவு விலை விளக்கொன்று படகின் செவியை அடைத்துவிடலாம் என்பதனை விளக்கு விற்பவர் எவரும் கூறுவதில்லை.

சமிக்ஞை நன்றாக இருந்தும் இடம் பிழைபடும் வகைகளும் உண்டு. பழைய வாங்கிகள் வாரங்களை 1,024 வரை மட்டுமே எண்ண வல்லன. அவ்வெண்ணிக்கை 1999 ஓகத்திலும் 2019 ஏப்பிரலிலும் மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்பியபோது, அதற்கெனத் திருத்தப்படாத கருவிகள் சில ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்னே சென்று நின்றன. இன்னொன்று வரைபடத்தின் பிழை. ஜீ.பி.எஸ். தரும் அகலாங்கும் நெட்டாங்கும் உலகப் பொது அளவைமுறையொன்றைச் சார்ந்தவை. பழைய கடல் வரைபடங்களோ அந்தந்த நாட்டின் பழைய நில அளவையைச் சார்ந்தவை. இரண்டுக்குமிடையே சில நூறு மீற்றர் வேறுபாடு இருத்தல் கூடும். பாறையொன்றுக்கும் படகொன்றுக்கும் இடையே சில நூறு மீற்றர் என்பது வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தூரம்.

இவ்வளவுக்கும் பின்னரே வானத்தின் மீது ஐயம் கொள்ளலாம். அந்த ஐயத்துக்கும் இடமுண்டு. பூமியின் காந்த மத்தியகோட்டை அண்டிய இலங்கை, தென்னிந்தியக் கடல்களில், சூரியன் மறைந்த பின் சில மணி நேரம் அயனமண்டலம் கொந்தளித்துச் சமிக்ஞையை நடுங்கச் செய்வதுண்டு. சூரியப் புள்ளிகள் மிகும் ஆண்டுகளில் இது கூடுதலாக நிகழும். மனிதர் செய்யும் கேடுகள் இதனினும் பெரியவை. 2016 இல் வடகொரியாவிலிருந்து வந்த குழப்பும் அலைகளால் தென்கொரிய மீன்பிடிப் படகுகள் பல இடமறியாது கரைதிரும்பின. 2017 யூன் மாதத்தில் கருங்கடலில் நின்ற கப்பல்களின் கருவிகள், அவை விமான நிலையமொன்றில் நிற்பதாகக் காட்டின. 2013 இலேயே ரெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர், உரிமையாளரின் இசைவுடன், மத்தியதரைக் கடலில் உல்லாசப் படகொன்றைப் போலிச் சமிக்ஞையால் வழிமாற்றிக் காட்டினர். படகின் கருவியில் எந்த அபாய ஒலியும் எழவில்லை. சமிக்ஞை அறுவதைக் காட்டிலும் பொய்யான சமிக்ஞை நன்றாக வருவதே கொடியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இத்தனைக்கும் பின்னர் மூன்று மறுப்புகள் எழுப்பப்படலாம்.

'இன்று அமெரிக்கச் செய்மதிகள் மட்டும் இல்லை. இரசிய, ஐரோப்பிய, சீனச் செய்மதிகளும் உள்ளன. ஒன்று போனால் மற்றொன்று' என்பது முதல் மறுப்பு. கூட்டம் பெருகியமை நன்மையே. 2014 ஏப்பிரலில் இரசியத் தொகுதி முழுவதும் ஏறத்தாழ அரைநாள் பிழைத்தபோதும், 2019 யூலையில் ஐரோப்பியத் தொகுதி ஏறக்குறைய ஒரு வாரம் ஓய்ந்தபோதும், ஏனையவை கைகொடுத்தன. ஆயின் நான்கு தொகுதிகளின் குரலும் படகுக்குள் வருவது ஒரே அன்ரனா, ஒரே கம்பி, ஒரே மின்கலம் வழியாக அன்றோ? கம்பி கழன்றால் நான்கும் ஒருங்கே மௌனமாகும். அருகருகான மீடிறன்களில் மெலிந்த குரலிற் பேசும் நான்கையும் ஒரே இரைச்சல் மூழ்கடிக்கும். ஒரே வாயால் நால்வர் பேசினால் அது நான்கு சாட்சியம் ஆகாது.

'அப்படியாயின் பழைய முறைக்கே திரும்புவோமா?' என்று ஏளனஞ் செய்வது இரண்டாவது மறுப்பு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல், 1938 இல் அவ்வூர்க் கடலோடிகளைச் சுமந்து மாசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அதே மாநிலத்தின் கரையருகேதான், 57 ஆண்டுகளின் பின் 'றோயல் மயெஸ்ரி' தரைதட்டியது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பழம்பெருமை பேசுவது எளிது, ஆனால் பயனற்றது. முகில் மூடிய இரவில் விண்மீன் வழிகாட்டாது. சோளகக் காற்றுக் காலத்திற் கரைதிரும்பாத கடலோடிகளின் குடும்பங்கள் பழைய முறையின் பெருமையை நன்கறியும். ஜீ.பி.எஸ். எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது. அதனைக் கைவிடச் சொல்பவன் மூடன். பழைய தண்டையலிடமிருந்து கற்கவேண்டியது அவனுடைய கருவியன்று, அவனுடைய ஐயம். காற்றை ஒருமுறை, நீரின் நிறத்தை ஒருமுறை, ஆழத்தை ஒருமுறை, விண்மீனை ஒருமுறை என்று ஒன்றை மற்றொன்றால் சோதிக்காது அவன் நம்பியதில்லை. ஐக்கிய அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி, கைவிட்டிருந்த விண்மீன்வழிக் கடலோடற் பாடத்தை 2015 இல் மீண்டும் கற்பிக்கத் தொடங்கியது. ஜீ.பி.எஸ். தொகுதியைப் படைத்த நாட்டின் கடற்படையே இரண்டாவது சாட்சியைத் தேடுகிறதெனில், ஏனையோர் அதனை ஏளனஞ் செய்வது எவ்வாறு?

'இவையெல்லாம் பெருங்கப்பலின் கதை. சிறு படகுக்கு இது தேவையா?' என்பது மூன்றாவது மறுப்பு. உண்மையில் சிறு படகுக்கே இது கூடுதலாகத் தேவை. பெருங்கப்பலின் பிழை காப்புறுதிக் கணக்கில் முடியும். பாக்கு நீரிணையில் மீன்பிடிப்பவனின் பிழை எங்கே முடியும்? இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட கடல் எல்லை 1974, 1976 ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் அகலாங்கு நெட்டாங்குகளாக வரையறுக்கப்பட்டது. கடலில் வேலியுமில்லை, கோடுமில்லை. அந்த எல்லை மீனவனுக்குத் தென்படும் ஒரே இடம் அவனுடைய கருவியின் திரை. அகலாங்கில் ஒரு கலை பிழைத்தால் 1,852 மீற்றர் பிழைக்கும். அதன் பலன் படகு பறிமுதலாதலும் சிறைவாசமுமாக இருக்கக்கூடும். இங்கு ஜீ.பி.எஸ். வழிகாட்டி மட்டுமன்று, சாட்சியும் அதுவே.

ஆழ்கடற் படகுகளின் நிலையும் இதுவே. ஐரோப்பிய ஒன்றியம் இலங்கையின் மீன் ஏற்றுமதிக்கு 2015 சனவரி முதல் விதித்த தடை 2016 இல் நீக்கப்பட்டது. அத்தடையை நீக்குவிக்கும் முயற்சியின் ஒரு பகுதியாகவே பலநாட் படகுகளில் செய்மதிவழிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. சட்டத்துக்கு மாறான மீன்பிடியைத் தடுக்க அது வேண்டியதே. ஆயின் ஒரு வினா எஞ்சுகிறது. படகின் இடத்தைக் கருவி கூறுவதைக் கொண்டு படகோட்டியைக் குற்றவாளியாக்க முடியுமெனில், அக்கருவி எப்போது பிழைக்கும், பிழைத்ததை எங்ஙனம் அறிவது, அறிந்ததை எங்ஙனம் நிறுவுவது என்பவற்றை அவனுக்குக் கற்பிக்கும் கடமை எவருடையது? கருவியைக் கட்டாயமாக்குவோர் அதனைப் பற்றிய அறிவைக் கட்டாயமாக்காது விடுவது, பூட்டைக் கொடுத்துத் திறவுகோலை வைத்துக்கொள்வதாகும்.

ஆகவே வேண்டப்படுவன மிகச் சில. சமிக்ஞையை இழந்த கருவி, கணிப்பை இடமென்று காட்டி ஏமாற்றாது, திரை முழுவதும் தெரியவும் இயந்திரச் சத்தத்தை மீறிக் கேட்கவும் தன் குருட்டுத்தன்மையை அறிவிக்கவேண்டும். கருவியோடு வரும் கைந்நூல், அதனைப் பயன்படுத்துவோரின் மொழியில் இருக்கவேண்டும். ஆங்கிலக் கைந்நூலைக் கொடுத்துவிட்டு அறியாமையைக் குறைகூறுவது நேர்மையன்று. மேலே கூறிய கேள்விகளின் ஒழுங்கு, அதாவது பிற கருவிகளோடு ஒப்பிடல், காத்திருத்தல், மின்கலம், கம்பி, அன்ரனாவின் இடம், அயற்கருவிகள், நாள், வரைபடம் என்ற வரிசை, ஒற்றைத் தாளிற் படத்துடன் அச்சிடப்பட்டு ஒவ்வொரு மீன்பிடித் துறையிலும் கிடைக்கவேண்டும். ஒவ்வொரு படகிலும் திசையறிகருவியும், ஆழம் அளக்கும் வழியும், மணிக்கொரு தடவை இடத்தையும் திசையையும் வேகத்தையும் குறித்துவைக்கும் கொப்பியும் இருக்கவேண்டும். அந்தக் கொப்பி பத்து ரூபாய்ப் பென்சிலால் எழுதப்பட்டாலும், அதற்கு மின்கலமும் வேண்டாம், செய்மதியும் வேண்டாம். சமிக்ஞை அறுந்த கணத்தில் கடைசியாக அறிந்த உண்மை அதில் இருக்கும்.

இதில் பல்கலைக்கழகத் தமிழ் மாணவருக்கும் பங்குண்டு. பௌதிகவியலும் பொறியியலும் பயின்று தமிழ் விழா எடுப்போர், அன்ரனாக் கம்பியின் பழுதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதித் துறைமுகத்துக்கு அனுப்பத் தயங்குவரெனில், அவர்களுடைய தமிழ்ப் பற்று மேடையோடு முடிந்துவிடும். கடலோடியின் மொழியில் காற்றுக்குப் பெயருண்டு. வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று ஒவ்வொரு திசைக் காற்றையும் அம்மொழி பிரித்தறியும். அத்தகைய மொழியில் ஒரு கம்பியின் பழுதை விளக்கச் சொல் இல்லையென்று கூறுவது, சொல் தேடாதவரின் சாட்டேயன்றி வேறில்லை.

'றோயல் மயெஸ்ரி' தரைதட்டிய இரவில் வானத்துச் செய்மதிகள் அனைத்தும் பிழையின்றியே பேசிக்கொண்டிருந்தன. கப்பலின் எஞ்சிய சாட்சிகளும் உண்மையே கூறின. கழன்றது ஒரு கம்பி. அதனைக் கைவிரலால் மீண்டும் இணைத்திருக்கலாம். முப்பத்து மூன்றரை மணி நேரத்தில் 'இது உண்மைதானா?' என்று ஒருவர் ஒருமுறை கேட்டிருந்தாற் போதும், கப்பல் பொஸ்ரன் துறையைச் சேர்ந்திருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. அதனைக் கற்பிக்காது கருவியை மட்டும் விற்பவரும், அதனைக் கற்காது கருவியை மட்டும் நம்புபவரும், அடுத்த மணற்றிட்டை நோக்கியே கலத்தைச் செலுத்துகின்றனர்.